கியூரி அம்மையார்

உலகப் பேரறிஞருள் வைத்து எண்ணப்படும் பெண்மணிகளுள் மேரி கியூரி அம்மையாரினும் புகழ் வாய்ந்தோர் மிகச் சிலரே. அவர் ரேடியத்தைக் கண்டறிந்தவர் என்பதும், நோபல் பரிசினை இருமுறை பெற்றவர் என்பதும் பள்ளிச் சிறாரும் அறிவர். ஆயின், அப்புகழெல்லாம் எய்திய பின்னர், போர்க்காலத்தே அவர் ஆற்றிய தொண்டொன்று பலரும் அறியாதது. அதனையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் போலந்து நாட்டு வார்சா நகரில், ஐந்து மக்களுள் இளையவராய்ப் பிறந்தனர். அந்நகர் அக்காலத்து உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். மூத்த தமக்கையாரும், பின்னர் அன்னையாரும் நோயால் மறைந்தபோது மேரிக்குப் பத்தாண்டே நிரம்பியிருந்தது. அங்குப் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவடைத்திருந்தது. அயல்நாடு செல்லப் பொருளும் இல்லை. ஆகவே செல்வர் இல்லங்களிற் பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லும் பணி ஏற்று, பாரிஸ் நகரில் மருத்துவம் பயின்ற மற்றொரு தமக்கையாருக்குப் பொருளனுப்பி வந்தனர். நாட்டுப்புறத்தே அங்ஙனம் பணியாற்றிய நாளில், குடியானவர் மக்களுக்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கவும் கற்பித்தனர். அரசினர் அறியின் தண்டனை நேரும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

1891-இல் பாரிஸ் சேர்ந்த மேரி, வறுமையோடு போராடிக் கற்று, 1893-இல் பௌதிகத் தேர்வில் முதன்மை பெற்றனர். 1895-இல் பியேர் கியூரி என்னும் அறிஞரை மணந்தனர். கணவரும் மனைவியும் இணைந்து உழைத்து, 1898-இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களைக் கண்டறிந்தனர். 1903-இல் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர். 1906-இல் பியேர் தெருவில் வண்டியின்கீழ் அகப்பட்டு உயிர் துறந்தனர். இரு பெண்மக்களோடு தனித்து நின்ற அம்மையார் ஆராய்ச்சியைக் கைவிட்டிலர். 1911-இல் இரண்டாம் முறை அப்பரிசினைப் பெற்றனர்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. உடலினுள் இருப்பதனைப் படமாகக் காட்டும் எக்ஸ் கதிர்களை ராண்ட்கன் என்பார் 1895-இலேயே கண்டறிந்திருந்தனர். எனினும், அதற்குரிய கருவிகள் பெரும்பாலும் பெருநகர் மருத்துவமனைகளிலேயே இருந்தன. போர்முனையிலோ குண்டுத்துண்டு எங்கே தைத்துள்ளது என அறியாது, மருத்துவர் புண்ணைத் துழாவித் தேடும் நிலை இருந்தது. கருவியை நாடி நெடுந்தொலைவு செல்லுமுன்னரே வீரர் பலர் மாண்டனர். நோயாளி கருவியிடம் வர இயலாதாயின், கருவி நோயாளியிடம் செல்லல் வேண்டும் என அம்மையார் துணிந்தனர்.

செல்வரிடமும் மகளிர் சங்கத்தாரிடமும் வண்டியும் பொருளும் வேண்டிப் பெற்று, மோட்டார் வண்டிகளில் எக்ஸ் கதிர்க் கருவியை அமைத்தனர். மின்சாரம் இல்லாத இடத்தும் வண்டியின் இயந்திரமே டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தந்தது. அம்மையார் தாமே வண்டியோட்டக் கற்றனர். உடற்கூற்று நூல்களைப் பயின்றனர். பதினேழு வயது மகள் ஐரீனைத் துணைக்கொண்டு போர்முனைக்குச் சென்றனர். ஒருமுறை வண்டி கவிழ்ந்து, கருவிப் பெட்டிகளின் அடியிற் சிக்குண்டும் மீண்டனர். ஏறத்தாழ 20 ஊர்திகளும், 200 நிலையான படமெடுக்கும் அறைகளும் அவர் முயற்சியால் ஏற்பட்டன. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட போர்வீரர் அவற்றாற் பயனடைந்தனர் என்பர்.

கருவி பெருகிய பின்னர் வேறொரு குறை தோன்றிற்று. அதனை இயக்குவார் இலர். அம்மையார் 1916-இல் பெண்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினர். மின்சாரம், எக்ஸ் கதிர், உடற்கூறு ஆகியன பற்றிய பாடத்தோடு கைப்பயிற்சியும் அளித்து, ஏறத்தாழ 150 பெண்களை இத்தொழிலில் வல்லவராக்கினர். அந்நாளிற் குடியானவர் பிள்ளைகளுக்கு மறைவாக எழுத்துக் கற்பித்த கையன்றோ இது!

பல்லாண்டு கதிர்களிடையே உழைத்தமையால் உடல் நலிந்து, குருதி ஊறும் ஆற்றல் குன்றிய நோயால் 1934-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் அம்மையார் உயிர்நீத்தனர்.

அன்று எக்ஸ் கதிர்க்கு நேர்ந்தது இன்று எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவிக்கும் நேர்ந்துள்ளது. காந்தத்தாலும் வானொலி அலையாலும் மூளையையும் நரம்பையும் காட்டும் இக்கருவி, எக்ஸ் கதிர் போலத் தீங்கு பயக்குங் கதிர் உடையதன்று. ஆயின் அதன் மின்காந்தச் சுருளைப் பெரும்பாலும் நீர்ம ஹீலியத்தால் −269 பாகை வரை குளிர்விக்க வேண்டும். தனியறையும், தடையற்ற மின்சாரமும், பயின்ற கைகளும் வேண்டும். ஆகவே வறிய நாடுகளின் சிற்றூர் மக்களுக்கு அஃது எட்டாக்கனியாகவே உள்ளது. வழக்கமான 1.5 டெஸ்லாவிற்கு மாறாக 0.064 டெஸ்லா வலியே உடையதாய், சக்கரத்தில் உருட்டிச் சென்று நோயாளியின் படுக்கையருகே நிறுத்தத்தக்க சிறுகருவி ஒன்றிற்கு அமெரிக்க அரசு 2020-இல் இசைவளித்தது. அதன் படம் அத்துணைத் தெளிவுடையதன்று. எனினும் வழி திறந்துள்ளது. அவ்வழியே கருவியைக் கொண்டுசெல்வாரும் கற்பிப்பாருமே இனி வேண்டும்.

அம்மையார் இளமையிலேயே தெய்வ நம்பிக்கை தளர்ந்து, பின்னர் எச்சமயத்தையும் சாராது வாழ்ந்தவர். கிறிஸ்தவராகிய எமக்கு இது வருத்தந் தருவதே. ஆயினும், எரிகோவுக்குச் செல்லும் வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் சென்று காயங் கட்டியவன் ஆசாரியனும் அல்லன், லேவியனும் அல்லன் என்பதை யாம் மறத்தற்கில்லை. நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள், தாம் கற்றதனை எவ்வழியே எவரிடம் கொண்டுசெல்வது என்று ஒருமுறை எண்ணிப்பார்ப்பாராயின், இச்சிறு வரலாறு எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.