கரையிலிருந்து படகு ஓட்டியவர்

மந்தைவெளியிலிருந்து சேமியர்ஸ் சாலை வழியே மேற்கு நோக்கிச் சென்று தெற்கே திரும்புவோர், அடையாற்றங்கரையில் சென்னைப் படகுச் சங்கத்தின் ஓடக் கொட்டகையைக் காணலாம். 1867-ம் வருஷத்தில் வெள்ளைக்காரர் ஸ்தாபித்த சங்கம் அது. அவர்கள் ஆண்ட காலத்தில் அவர்களுடைய விளையாட்டுக்கே உரியதாயிருந்தது. இன்று விடியற்காலையில் அங்கே துடுப்பு வலிக்கும் வாலிபர்கள் நம்மவர். உருளும் ஆசனத்தில் முன்னும் பின்னும் சறுக்கி, காலால் உந்தி, துடுப்பை இழுக்கிறார்கள். ஆங்கிலேயரின் வித்தை என்றே இதைப் பலர் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் இவ்வித்தையை ஆங்கிலேயருக்கே திருத்திக் கற்பித்தவர் ஒரு குடியேற்ற நாட்டார். அவர் பெயர் ஸ்டீபன் பேர்பேர்ன். அவருடைய சரித்திரத்தை நமது நேயர்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

பேர்பேர்ன் 1862-ம் வருஷம் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் பிறந்தார். தகப்பனார் ஸ்காத்லாந்திலிருந்து சென்று ஆட்டுப் பண்ணைகளால் பெருஞ்செல்வம் தேடியவர். மகன் 1881-ல் கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையின் ஜீஸஸ் கலாசாலையில் சேர்ந்து சட்டம் படித்தார். படித்தாரே ஒழிய, வக்கீல் தொழிலை நாடவில்லை. நாம் நாடியதையும் கண்டதையும் நினைக்கும்பொழுது, அவர் புத்திசாலி என்றே சொல்லத் தோன்றுகிறது.

அக்காலத்தில் ஜீஸஸ் கலாசாலை ஆற்றில் அசைக்க முடியாத ஸ்தானத்தில் இருந்தது. 1875 முதல் 1885 வரை பதினொரு வருஷம் கேம்பிரிட்ஜ் கலாசாலைகளின் பந்தயத்தில் முதலிடம் அதற்கே. அங்கே தேறிய பேர்பேர்ன், லண்டனில் தேம்ஸ் நதிமீது ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடக்கும் பெரும் பந்தயத்தில் நான்கு முறை துடுப்புப் பிடித்தார். 1882-லும் 1883-லும் தோல்வி. 1886-ல் நடந்தது இன்றும் பேசத்தக்கது. பார்ன்ஸ் பாலத்தை அடைந்தபொழுது கேம்பிரிட்ஜ் பின்தங்கியிருந்தது. அப்பாலத்தில் பின்தங்கிய படகு அதுகாறும் வென்றதே இல்லை. கரையிலிருந்தோர் கைவிட்ட பிறகு, எண்மரும் ஒருமித்து வலித்து, ஒரு படகு நீளத்துக்கும் குறைவான தூரத்தில் வென்றனர். அடுத்த வருஷமும் வெற்றியே. ஆயினும் அன்று ஆக்ஸ்போர்டுப் படகில் ஒரு துடுப்பு முறிந்து போயிற்று என்பதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்ல வேண்டும்.

அதன் பின் தாய்நாடு சென்று குடும்பப் பண்ணைகளில் காலங் கழித்தார். நாற்பது வயது கடந்த பின்னரே இங்கிலாந்தில் நிலையாகக் குடியேறினார். பெரும்பாலோர்க்குப் பழைய வெற்றிகளைப் பேசிக் காலந் தள்ளுவதற்குரிய பருவம் அது. இவரோ கரையில் இறங்கிவிட்டார். தம் பழைய கலாசாலைக்கும், தேம்ஸ் சங்கத்துக்கும், பிறகு லண்டன் சங்கத்துக்கும் பயிற்சி அளிப்பதே ஆயுட்காலத்தின் எஞ்சிய வேலையாயிற்று. இது கூலிக்குச் செய்த வேலை அன்று.

அவர் கண்ட புதுமை யாது என்பதைச் சற்று விவரிக்க வேண்டும். முற்காலத்தில் படகில் ஆசனம் அசையாது. உடலை இடுப்பிலிருந்து பின்னே வீசியே இழுக்க வேண்டும். முதுகு நிமிர்ந்து, தோள் நேராக, எண்மரும் அணிவகுப்புச் சிப்பாய்கள்போல் அசைவது அழகெனக் கொள்ளப்பட்டது. 1873-ல் சறுக்கும் ஆசனம் பெரும் பந்தயத்துக்கு வந்தது. காலின் பலத்தை முழுவதும் உபயோகிக்க வழி திறந்தது. ஆனால் ஆசான்மார் பழைய அழகை விடவில்லை. ஆசனம் மாறியும் முதுகைப் பற்றிய உபதேசம் மாறவில்லை.

பேர்பேர்ன் முதுகைப் பார்ப்பதை விட்டுத் துடுப்பின் அலகைப் பார்த்தார். நீரில் அலகு சரியாக இறங்குகிறதா, கடைசி வரை நீரைப் பற்றி இழுக்கிறதா, படகு ஓடுகிறதா என்பவையே அவருடைய கேள்விகள். காலும் உடலும் கூடி உழைக்கட்டும். அலகு செவ்வனே வேலை செய்தால் உடல் தானே தன் நிலையைத் தேடிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. பழைய கட்சியார் கொதித்தெழுந்தனர். அவருடைய சீடர்கள் அவலட்சணமாக வலிக்கிறார்கள் என்று குறை கூறினர். பல வருஷம் இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளில் இரு கட்சிகள் இருந்தன.

இவ்விடத்தில் நமக்கு ஒரு நினைவு வருகிறது. ஆங்கிலக் கல்வி பெற்ற நாமும் நம் தோழர்களும் மேடையில் நிற்கும் விதத்தையும் உச்சரிப்பையும் சட்டையின் கழுத்துப் பட்டையையும் எத்தனை வருஷம் பழகினோம்! படகு ஓடுகிறதா என்று கேட்பார் எங்களுக்குள் இல்லை.

அவருக்குக் குறைகளும் உண்டு. நூல்கள் பல எழுதினார். சொன்னதையே திரும்பச் சொன்னார். அவரிடம் நேரில் கற்காது நூலை மட்டும் படித்தவர் சிலர், தளர்ந்து வலிப்பதே அவர் முறையென எண்ணிக் கெட்டனர்.

ஆயினும் நாம் பெரிதாக மதிப்பது முறையை அன்று, அவர் யாருக்குக் கற்பித்தார் என்பதையே. சிறந்த எண்மரைப் பொறுக்கியெடுத்து மற்றவரைக் கைவிடுவது வழக்கம். இவரோ கடைசிப் படகில் தட்டுத் தடுமாறுபவனுக்கும் அதே கவனத்தைத் தந்தார். குளிர்காலத்தில் சங்கத்தார் சோம்பியிருப்பதைக் கண்டு, அவர்களுக்கு ஒரு நோக்கம் வேண்டுமென்று, 1926 டிஸம்பரில் தேம்ஸ் நதியில் ஒரு புதுப் பந்தயம் தொடங்கினார். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும், கடிகாரமே நடுவர். ஆதலால் இருவர் மட்டும் மோதிக் கொள்ள வேண்டியதில்லை. எத்தனை படகுகளும் சேரலாம். பேர்பெற்ற சங்கமும் ஊர் பேர் தெரியாத சங்கமும் ஒரே காலையில் ஒரே நீரில் ஓடின. முதலில் வந்தவை இருபத்துச் சொச்சம் படகுகளே.

இதையும் மறைக்கலாகாது: கையால் உழைத்துப் பிழைக்கும் தொழிலாளியை ஆங்கிலப் படகுச் சங்கத்தார் தங்கள் பந்தயங்களில் அக்காலத்தில் சேர்த்ததில்லை. 1920-ல் அமெரிக்கரான ஜான் கெல்லி என்ற கொத்தனாரை ஹென்லிப் பந்தயத்துக்கு ஏற்க மறுத்தனர். அதே வருஷம் அவர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1936-ல் பேர்பேர்னின் சொந்த நாட்டுப் போலீஸார் எண்மரையும் அவ்வாறே தடுத்தனர். அதனால் எழுந்த அவமானத்துக்குப் பிறகு, 1937-ல்தான் விதி மாறியது. செல்வர் வீட்டுப் பிள்ளையான பேர்பேர்னுக்கு அக்கதவு ஆதியிலிருந்தே திறந்திருந்தது.

1938-ம் வருஷம் மே மாதம் அவர் காலமானார். லண்டனில் பெரும் பந்தயம் புறப்படும் இடத்திலிருந்து ஒரு மைல் தூரத்தில், கரையோரம் அவர் நினைவாக ஒரு கல் நிற்கிறது. படகோட்டிகள் தங்கள் வேகத்தை அங்கே கணிக்கிறார்கள். அவர் தொடங்கிய பந்தயத்தில் இப்பொழுது நூற்றுக்கணக்கான படகுகள் புறப்படுகின்றன. வெல்பவருக்குக் கிடைப்பது அவருடைய மார்பளவுச் சிலை. வெல்லாதவரும் அடுத்த மார்ச்சில் மறுபடி வருகிறார்கள்.