பட்டம் சுமந்த கம்பி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்திற்குச் செய்தி விரைந்து செல்ல ஒரே வழிதான் இருந்தது. கடலின் அடியில் கிடத்தப்பட்ட கம்பிவடத்தின் வழியே தந்தி சென்றது. வடம் எட்டாத இடத்திற்குச் செய்தியும் எட்டவில்லை. கரையை விட்டு நீங்கிய கப்பல், அடுத்த துறைமுகத்தை அடையும் வரையில் உலகத்தோடு தொடர்பற்றே இருந்தது. நடுக்கடலில் அது தீப்பற்றினாலும் பாறையில் மோதினாலும் அச்செய்தியைக் கரைக்கு உணர்த்த வழியில்லை. இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் மார்க்கோனி.

இளமை

குலியெல்மோ மார்க்கோனி இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜுசெப்பே நிலக்கிழார். தாய் ஆனி ஜேம்சன் அயர்லாந்து நாட்டவர். தந்தையின் மொழியும் தாயின் மொழியும் மார்க்கோனிக்கு இயல்பாகவே கைவந்தன. இளமையில் அவர் பெரும்பாலும் வீட்டிலேயே ஆசிரியர்களைக் கொண்டு பயின்றார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெறவில்லை. எனினும் பொலோஞா பல்கலைக்கழகப் பேராசிரியர் அகஸ்தோ ரீகி, தம் ஆய்வுக்கூடத்திற்கு வந்து கற்க அவருக்கு இசைவு அளித்தார்.

மின்காந்த அலைகள் உண்மையாகவே உள்ளன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1888ஆம் ஆண்டில் மெய்ப்பித்திருந்தார். 1894ஆம் ஆண்டில் ஹெர்ட்ஸ் மறைந்தபோது, அவருடைய ஆய்வுகளைப் பற்றி மார்க்கோனி படித்தார். கண்ணுக்குப் புலனாகாத அந்த அலைகளைக் கொண்டு, கம்பியின்றியே தந்தி அனுப்ப இயலும் என்னும் எண்ணம் இருபது வயது இளைஞரான அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

உயரமும் தொலைவும்

பொலோஞாவுக்கு அருகில் இருந்த தம் வீட்டின் மாடி அறையிலேயே மார்க்கோனி ஆய்வைத் தொடங்கினார். முதலில் அலைகள் அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மட்டுமே சென்றன. 1895ஆம் ஆண்டில் அவர் கருவிகளைத் தோட்டத்திற்குக் கொண்டு சென்று, புதிய முறை ஒன்றைக் கையாண்டார். கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்த தகட்டோடு இணைத்தார். மறுமுனையை உயரமான கழியின் உச்சியில் கட்டிய கம்பியோடு இணைத்தார். ஆண்டெனா என்று இன்று வழங்கும் வான்கம்பி அதுவே.

வான்கம்பியை உயர்த்த உயர்த்த, அலைகள் சென்றடையும் தொலைவும் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் அவருடைய தமையன் அல்போன்சோ ஏற்பியையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, வீட்டின் எதிரே இருந்த குன்றைக் கடந்து சென்றார். அப்பாலிருந்து வெடியோசை கேட்டது. குறிப்பொலி வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே அடையாளம். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவை, இடையில் நின்ற குன்றையும் கடந்து, அலைகள் சென்றடைந்திருந்தன.

1896ஆம் ஆண்டில் மார்க்கோனி தாயுடன் இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அவருக்குத் துணைநின்றார். 1897இல் பிரிஸ்டல் கால்வாயின் குறுக்கே 6 கிலோமீட்டர் தொலைவுக்கும், 1899இல் ஆங்கிலக் கால்வாயின் குறுக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவுக்கும் செய்திகள் சென்றன. அதே ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. போர்க்களத்திற்குச் சென்ற அவருடைய பொறியாளர்கள், வான்கம்பியைத் தாங்கத் தகுந்த கம்பங்கள் கிடைக்காமல் இடர்ப்பட்டனர். பட்டங்களைப் பறக்கவிட்டு, அவற்றில் கம்பியைக் கட்டி உயர்த்தினர். அந்தப் பட்டறிவு பின்னர்ப் பெரும்பயன் தந்தது.

வீழ்ந்த கம்பங்கள்

மார்க்கோனியின் அடுத்த நோக்கம் அட்லாண்டிக் பெருங்கடல். அலைகள் நேர்கோட்டில் செல்பவை; உலகமோ உருண்டை. எனவே அலைகள் வானவெளியில் சென்று மறையுமேயன்றி, கடலைக் கடந்து மறுகரையை அடையா என்று அறிஞர் பலர் கருதினர். ஆய்ந்து பார்த்தாலன்றி முடிவு கூற இயலாது என்று மார்க்கோனி துணிந்தார்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள போல்டு என்னும் ஊரில் ஆற்றல் மிக்க அலைபரப்பி நிலையம் எழுந்தது. 60 மீட்டர் உயரமுள்ள 20 கம்பங்கள் வட்டமாக நாட்டப்பட்டன. 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் வீசிய புயலில் அவை அனைத்தும் சாய்ந்தன. அமெரிக்காவின் கேப் காட் கரையில் நிறுவப்பட்ட அதேபோன்ற கம்ப வட்டமும் நவம்பர் 25ஆம் நாள் வீழ்ந்தது. பெரும்பொருளும் நெடுநாள் உழைப்பும் காற்றோடு போயின.

மார்க்கோனி மனம் தளரவில்லை. போல்டுவில் இரண்டே கம்பங்களை நட்டு, அவற்றுக்கிடையே விசிறி வடிவில் கம்பிகளைத் தொங்கவிடச் செய்தார். மறுகரையில் கனமான கம்பங்கள் எவையும் வேண்டாம் என்று முடிவு செய்தார். பட்டங்கள் ஆறும் பலூன்கள் இரண்டும் எடுத்துக்கொண்டு, கெம்ப், பேஜட் என்னும் உதவியாளர் இருவருடன் கப்பலேறினார்.

சிக்னல் குன்றின் மேல்

டிசம்பர் 6ஆம் நாள் அவர்கள் நியூபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரை அடைந்தனர். துறைமுகத்தின் வாயிலில், கடலை நோக்கி நிற்கும் சிக்னல் குன்றின் மேல் இருந்த பழைய கட்டடம் ஒன்றில் ஏற்பிக் கருவியை அமைத்தனர். போல்டுவிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் தொலைவு.

முதலில் உயர்த்திய பலூனைக் காற்று அறுத்துக்கொண்டு போயிற்று. டிசம்பர் 12ஆம் நாள் முதல் பட்டமும் அவ்வாறே போயிற்று. இரண்டாம் பட்டம் மட்டும் நிலைத்து நின்றது. 150 மீட்டர் நீளமுள்ள கம்பியைச் சுமந்துகொண்டு, புயற்காற்றில் எழுந்தும் தாழ்ந்தும் அது ஆடியது. அந்த ஆட்டமே புதியதோர் இடரையும் தந்தது. வான்கம்பியின் உயரம் மாறும்போதெல்லாம் அதன் மின்தன்மையும் மாறியது. ஆதலால், ஓர் அலைக்கு மட்டும் இசைவிக்கப்பட்டு, குறிப்பொலியைத் தாளில் பதிக்கும் கருவி பயன்படவில்லை. மார்க்கோனி அதனை ஒதுக்கிவிட்டு, எளிய ஏற்பியோடு தொலைபேசிச் செவிக்குழலை இணைத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அன்று பயன்பட்ட உணர்விகளுள் ஒன்று பாதரசத் துளியைக் கொண்டது. ஒவ்வொரு முறையும் தட்டிவிடத் தேவையின்றித் தானே மீண்டும் இயங்கும் இத்தகைய உணர்வியைப் பற்றி, கல்கத்தாவைச் சேர்ந்த அறிஞர் ஜகதீச சந்திர போஸ் 1899ஆம் ஆண்டிலேயே இலண்டன் அரச கழகத்திற்கு ஆய்வுக் கட்டுரை அளித்திருந்தார்.

போல்டு நிலையம் குறித்த நேரத்தில் மூன்று புள்ளிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. மோர்சு குறியீட்டில் அது எஸ் என்னும் எழுத்து. நண்பகல் கடந்து அரைமணி ஆனபோது, மிக மெல்லிய மூன்று ஒலிகள் மார்க்கோனியின் செவியில் விழுந்தன. அவர் ஒன்றும் கூறாமல் செவிக்குழலைக் கெம்பிடம் கொடுத்துக் கேட்கச் செய்தார். கெம்பும் அவ்வொலியைக் கேட்டார்.

ஐயமும் சான்றும்

செய்தி வெளியானதும் உலகம் வியந்தது. உடனே ஐயுறவும் செய்தது. ஒலியைக் கேட்டவர்கள் இருவரே. தாளில் பதிவு ஏதுமில்லை. வானில் இயல்பாக எழும் மின்னோசையைக் குறிப்பொலி என மயங்கியிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதினர். அந்த ஐயம் இன்றளவும் முற்றிலும் நீங்கவில்லை.

மார்க்கோனி சொற்போரில் இறங்கவில்லை, சான்று தேடினார். 1902ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் பயணம் செய்தார். இம்முறை வான்கம்பி கப்பலின் பாய்மரக் கம்பத்தில் உறுதியாகக் கட்டப்பட்டிருந்தது. போல்டுவிலிருந்து வந்த குறிப்பொலிகள் கப்பல் தலைவரின் முன்னிலையில் தாளில் பதிந்தன. இரவில் முழுச் செய்திகள் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தொலைவிலும், தனி எழுத்து 3,300 கிலோமீட்டருக்கு அப்பாலும் வந்தடைந்தன. பகலிலோ அலைகள் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டருக்கு மேல் எட்டவில்லை. தமக்கு உகந்ததாயினும் உகவாததாயினும், கண்டதை மார்க்கோனி அவ்வாறே உலகுக்கு அறிவித்தார்.

உருண்டையான உலகை அலைகள் எவ்வாறு சுற்றி வருகின்றன? வானின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு இருந்து, அலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்று கெனலி, ஹெவிசைடு ஆகிய இருவரும் 1902ஆம் ஆண்டில் தனித்தனியே கூறினர். 1924ஆம் ஆண்டில் ஆப்பிள்டன் அதனைச் சோதனையால் மெய்ப்பித்தார். அயனி மண்டலம் என அது இன்று வழங்கப்படுகிறது.

1909ஆம் ஆண்டில் மார்க்கோனியும் ஜெர்மானிய அறிஞர் பிரானும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1912ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, கம்பியில்லாத் தந்தி விடுத்த அழைப்பால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். 1937ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் மார்க்கோனி உரோம் நகரில் காலமானார். வானொலி நிலையங்கள் ஒலிபரப்பை இரண்டு நிமிடம் நிறுத்தி அவருக்கு அஞ்சலி செலுத்தின.

இன்றைய வான்கம்பிகள்

மார்க்கோனி நெட்டலைகளைப் பயன்படுத்தியமையால் அவருக்கு நீண்ட கம்பி வேண்டியிருந்தது. ஆர்வத்தினால் வானொலி பயில்வோர் சிற்றலைகளைக் கையாண்டனர். சிறிய நிலையம் ஒன்றிலிருந்து அவர்கள் அனுப்பிய குறிப்பொலி 1921ஆம் ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. இவர்களையே அமெச்சூர் வானொலியாளர் என்றும் ஹாம் என்றும் அழைக்கின்றனர். அலைநீளத்தில் பாதியளவு கம்பி நல்ல வான்கம்பியாகும். 20 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் கம்பி போதும். அதனைச் சுருட்டிப் பைக்குள் வைத்து மலையுச்சிக்குக் கொண்டு செல்லலாம். மரக்கிளையிலோ மூங்கில் கழியிலோ கட்டி, சிறிய மின்கலத்தின் ஆற்றலைக் கொண்டே தொலைநாட்டோடு பேசலாம்.

இது பொழுதுபோக்கு மட்டுமன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அவ்வேளையில் போர்ட் பிளேரில் இருந்த இந்திய அமெச்சூர் வானொலியாளர்கள், தீவிலிருந்தோரின் நலச் செய்திகளை அவர்தம் உறவினர்க்குச் சேர்த்தனர். நம் நாட்டில் 12 வயது நிறைந்தவர் நடுவண் அரசின் தேர்வில் தேறி இதற்கு உரிமம் பெறலாம். அவர்களின் அழைப்புக்குறி வி.யு. என்னும் எழுத்துகளில் தொடங்கும்.

வலிய கம்பங்கள் புயலில் வீழ்ந்தபோது, மெல்லிய பட்டம் ஒன்று கம்பியைச் சுமந்து நின்றது. பொருளும் கருவியும் இழந்த நிலையிலும், கையில் இருந்ததைக் கொண்டு முயன்றதே மார்க்கோனியின் சிறப்பு. உலகம் ஐயுற்றபோது சினம் கொள்ளாமல், மீண்டும் ஆய்ந்து சான்று காட்டியது அதனினும் சிறப்பு.

பயிற்சி

அ. விடை எழுதுக.

1. அல்போன்சோவின் துப்பாக்கி ஒலி எதனை உணர்த்தியது?
2. பட்டத்தின் ஆட்டத்தால் நேர்ந்த இடர் யாது? மார்க்கோனி அதனை எவ்வாறு கடந்தார்?
3. சிக்னல் குன்றில் கேட்ட ஒலியை அறிஞர் சிலர் ஏன் ஏற்கவில்லை?
4. பிலடெல்பியா கப்பலில் கிடைத்த சான்று முந்தையதினும் வலிமையானது எவ்வாறு?

ஆ. பின்வரும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

பட்டறிவு, ஐயுறவு, இசைவு, இடர், சான்று

இ. கணக்கிட்டு எழுதுக.

40 மீட்டர் அலைக்கு எத்தனை மீட்டர் கம்பி வேண்டும்? உங்கள் பள்ளி விளையாட்டுத் திடலில் அதனை எங்கு, எவ்வாறு கட்டலாம்? படம் வரைந்து ஐந்து வரிகளில் விளக்குக.