ஜித்து நாராயணய்யாவும் அவர்தம் மக்களும்

நகரியிலும் புத்தூரிலும் ரேணிகுண்டாவிலும் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நம்முள் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரைக் கேள்வியுறாதார் சிலரே. அவர் பிறந்த மதனப்பள்ளி, பாகாலாவிலிருந்து தர்மாவரம் செல்லும் இருப்புப்பாதையை அடுத்துள்ளது. (ஸ்டேஷன் ஊரைவிட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை மூட்டையுடன் இறங்கியவர் அறிவர்.) 1895இல் அவர் பிறந்தபோது அவ்வூர் கடப்பை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1911இல் சித்தூர் ஜில்லா அமைந்தபோது அதனுடன் சேர்ந்து, 2022 வரை அதிலேயே இருந்தது. மகனைப் பற்றி நூல்கள் பல உண்டு. தந்தையின் பெயரோ சட்டப் புத்தகங்களில்தான் நிலைத்திருக்கிறது. அத்தந்தையின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஜித்து நாராயணய்யா தெலுங்கு அந்தணர்; சென்னைச் சர்வகலாசாலைப் பட்டதாரி. ரெவினியூ இலாகாவில் அமர்ந்து தாசில்தாராக உயர்ந்தவர். 1882 முதலே பிரம்மஞான சபையில் உறுப்பினர். மனைவி சஞ்சீவம்மாள் பெற்ற மக்கள் பலருள் சிலர் இளமையிலேயே மறைந்தனர். எட்டாவதாகப் பிறந்த பிள்ளைக்கு, தேவகியின் எட்டாவது மைந்தனை எண்ணிக் கிருஷ்ணன் பெயரை இட்டனர். 1905இல் சஞ்சீவம்மாள் காலமானார். 1907இன் இறுதியில் நாராயணய்யா உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றார். தாயில்லாப் பிள்ளைகள் நால்வர். கையில் சம்பளத்திற் பாதியளவான பென்ஷன். அடையாற்றில் சபைப் பணி செய்வதாகவும், தங்க இடம் தந்தாற் போதுமென்றும் அன்னி பெசண்டு அம்மையாருக்கு எழுதினார். முதலில் மறுமொழி சாதகமாக வரவில்லை. விடாது வேண்டியபின் 1909 ஜனவரியில் இடம் கிடைத்தது. கொடுத்த வீடு சபையின் வளவுக்கு வெளியே பழுதுற்றுக் கிடந்த ஒன்று.

அவ்வாண்டே லெட்பீட்டர் என்னும் சபைப் பெரியவர் அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தியைக் கண்டார். மெலிந்த உடலும், எங்கோ நினைவாய் நிற்கும் பார்வையும் உடைய சிறுவன். மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் மந்தன் என்று அடிபட்டு வந்தவன். அவனையே வரப்போகும் உலக குருவின் கருவி என்று லெட்பீட்டர் கூறினார். அவனும் தம்பி நித்தியானந்தனும் சபையின் வளவுக்குள் கொண்டு வளர்க்கப்பட்டனர். 1910 மார்ச்சில் தந்தை ஒரு பத்திரத்தில் கையொப்பமிட்டு, மைந்தர் இருவருக்கும் அம்மையாரைக் காப்பாளராக்கினார்.

ஏன் கையொப்பமிட்டார்? இக்கேள்வியை எளிதாகக் கடத்தல் ஆகாது. ஆசை காரணமென்பர் சிலர். தம் மக்கள் சீமைக்குச் சென்று ஆக்ஸ்போர்டில் பயில்வரென்ற ஆசை அவருக்கு இருந்தது உண்மையே. ஆயினும் மாதக் கடைசியில் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்திற்குக் கணக்குப் பார்க்கும் எவரும் அவ்வாசையை இகழார். நம் காலனியிலும், படிப்பு நிமித்தம் பிள்ளையைப் பாட்டி வீட்டிலோ மாமன் வீட்டிலோ விட்டிருப்போர் பலர். நாராயணய்யா கருதியதும் அத்தகைய ஏற்பாடே என்று நாம் நினைக்கிறோம். மகன் தன் மகனாகவே இருப்பான், படிப்பு மட்டும் பிறர் பொறுப்பு என்று எண்ணினார் போலும்.

அவ்வாறு நிகழவில்லை. 1911 டிசம்பரில் காசியில் பெரியவர்கள் பலர் கிருஷ்ணமூர்த்தியின் காலில் விழுந்து வணங்கினர். பெற்றவர் கண்ணெதிரே பிள்ளை தெய்வமாகிக்கொண்டிருந்தான். லெட்பீட்டரின் ஒழுக்கம் பற்றியும் அவருக்கு ஐயம் மிகுந்தது. அவரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்தாலே வெளிநாடு செல்ல இசைவேன் என்றார். 1912இல் அம்மையார் சிறுவர்களை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். சிசிலித் தீவின் தாவோர்மினாவில் அவர்களை ஏற்க நின்றவர் லெட்பீட்டரே.

அவ்வாண்டின் இறுதியில் நாராயணய்யா மக்களைத் திரும்பப் பெற வழக்குத் தொடுத்தார். செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டு, 1913இல் நீதிபதி பேக்வெல் முன் விசாரணைக்கு வந்தது. அம்மையார் தாமே வாதாடினார். பின்னாளில் அவருடைய ஹோம்ரூல் இயக்கத்தில் முன்னின்ற சி. பி. ராமசாமி ஐயரே அன்று தந்தையின் தரப்பில் நின்றார். லெட்பீட்டர் மீது கூறப்பட்ட கொடிய குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் அவர் கொண்டிருந்த கருத்துகள் சிறுவர்க்கு ஆசானாயிருக்கத் தக்கவை அல்ல என்று கூறிய நீதிபதி, மக்களைத் தந்தையிடம் சேர்க்கும்படி தீர்ப்பளித்தார். நிரூபணமாகாத குற்றச்சாட்டுக்காக, வென்ற தந்தையையே செலவுத் தொகை கட்டும்படியும் உத்தரவிட்டார். மேல்முறையீட்டிலும் மக்களைத் தந்தையிடம் சேர்க்கும் தீர்ப்பே நிலைத்தது.

அம்மையார் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார். 1914 மே மாதத்தில் அங்கே தீர்ப்பு மாறியது. தந்தையே இயற்கைக் காப்பாளர் என்பதையும், பிறரிடம் ஒப்படைத்த பிள்ளையைத் திரும்பக் கேட்க அவருக்கு உரிமையுண்டு என்பதையும் பிரபுக்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால் பிள்ளைகளின் நலனையும் கருத வேண்டும். அவர்கள் இங்கிலாந்தில் இருக்கையில் செங்கற்பட்டுக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. அவர்களின் விருப்பத்தை ஒருவரும் கேட்கவுமில்லை என்று கூறி வழக்கைத் தள்ளினர். இத்தீர்ப்பு பிற்காலத்தும் இந்தியக் கோர்ட்டுகளில் எடுத்தாளப்பட்டது. தந்தையின் உரிமை சட்டத்தில் நின்றது. மக்கள் கடலுக்கு அப்பால் நின்றனர். சட்டத்தைக் குறை கூறோம். பிள்ளைகளைக் கேட்கவில்லை என்ற சொல்லில் நியாயம் இருக்கிறது. மூத்தவருக்கு அப்போது வயது பத்தொன்பது.

தந்தை விரும்பிக் கையொப்பமிட்ட ஆக்ஸ்போர்டும் கிட்டவில்லை. வழக்கின் பெயரால் அங்கே கதவடைத்தனர். கிருஷ்ணமூர்த்தி லண்டன் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் பன்முறை முயன்றும் தேறினாரில்லை. (மெட்ரிகுலேஷனோடு நின்ற நமக்கு இதில் சிறிது ஆறுதல் உண்டு.) நித்தியானந்தர் தேறிச் சட்டம் பயின்றார்.

1921 டிசம்பரில், ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்குப் பின், சகோதரர் இருவரும் தாயகம் திரும்பினர். கோர்ட்டு உத்தரவு எதுவும் இன்றித் தாமே சென்னையில் தந்தையைக் காணச் சென்றனர். பிரிந்தபோது பதினேழு நிரம்பாதிருந்த மூத்தவருக்கு இப்போது இருபத்தாறு வயது. வீட்டுப் பேச்சாகிய தெலுங்கு அவர் நாவை விட்டு அகன்றிருந்தது. தந்தை பட்டதாரியாதலின் ஆங்கிலத்தில் பேச வழி இருந்தது. எனினும், சஞ்சீவம்மாள் அப்பிள்ளையோடு பேசிய மொழியில் அவ்வீட்டில் அவனுடன் பேச இயலவில்லை. காலனிப் பிள்ளைகள் தமிழில் கேட்டதற்கு வேறு மொழியில் விடை சொல்லும்போது அச்சந்திப்பு நம் நினைவுக்கு வருவதுண்டு.

நாராயணய்யா 1924இல் காலமானார். மறு ஆண்டு நவம்பரில் நித்தியானந்தர் காசநோயால் கலிபோர்னியாவில் இறந்தார். 1929இல் ஹாலந்து நாட்டின் ஓமன் நகரில், தம்மைத் தலைவராக வைத்து அமைத்த சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி தாமே கலைத்தார். எந்த குருநிலையை எதிர்த்துத் தந்தை கோர்ட்டு ஏறினாரோ அதை மகனே துறந்தார். அதைக் காணத் தந்தை இல்லை.

மதனப்பள்ளியிலிருந்து பத்து மைல் தொலைவில் கிருஷ்ணமூர்த்தி கண்ட ரிஷிவாலிப் பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது. நாராயணய்யாவோடு தங்கிவிட்ட மூத்த மகன் சிவராம் டாக்டரானார். அந்தச் சிவராமின் மைந்தரே, சிற்றப்பாவின் அப்பள்ளியில் பின்னர் முதல்வராயிருந்தார்.