அலெக்ஸி பெட்சென்கோ

திருக்கழுக்குன்றத்துச் சங்குதீர்த்தம் போன்ற குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தால், வெண்மையான நுண்துகள்கள் சில துள்ளித் துள்ளிச் செல்வதைப் பெரும்பாலும் காணலாம். அவை தூசியல்ல, உயிர்ப்பிராணிகள். ஒரு மில்லிமீட்டர் அளவினதாய், ஒற்றைக்கண்ணும், பெண்ணாயின் வாலின் இருமருங்கும் முட்டைப்பைகளும் உடையதாய், இறாலுக்குத் தூரத்து உறவான ஸைக்ளாப்ஸ் அவற்றுள் ஒன்று. தேங்கிய நீரே அதற்கு உகந்தது. விரைந்தோடும் ஆற்றில் அது பெருகுவதில்லை. மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் இவ்வெளிய பிராணி, மனிதருக்குக் கொடிய நோயொன்றைக் கொணர்வதைக் கண்டறிந்தவரே பெட்சென்கோ என்னும் ருஷியப் பண்டிதர்.

இவர் 1844ஆம் வருஷம் ஸைபீரியாவிலுள்ள இர்குட்ஸ்க் நகரில் ஜனித்து, மாஸ்கோ ஸர்வகலாசாலையிற் கற்றுத் தேறினார். 1868இல், தாவர நூல் வல்ல மனைவியார் ஓல்காவுடன் துருக்கிஸ்தானத்தின் இயற்கைப் பொருள்களை ஆராயப் புறப்பட்டார். ஸாமர்க்கண்டுப் பக்கங்களில் அக்காலத்து நரம்புச்சிலந்தி மிகுந்திருந்தது. இரண்டு முழம் வரை நீளும் புழு, காலைத் துளைத்து வெளிவரும். அதனைச் சிறு குச்சியிற் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுப்பதன்றி வேறு பரிகாரமில்லை. அஃது உடலுட் புகும் வழியோ தெளிவாகவில்லை.

மீனின் குடற்புழுவொன்று ஸைக்ளாப்ஸினுள் வளர்வதை அறிந்த ஜெர்மானியப் பேராசிரியர் லூக்கார்ட், இவருக்குக் குறிப்புணர்த்தியிருந்தார். அவ்வழியே சென்ற பெட்சென்கோ, நரம்புச்சிலந்தியின் குஞ்சுகளும் நீரில் ஸைக்ளாப்ஸின் உடலுட் புகுந்து வளர்வதைக் கண்டு, குடிநீரோடு அதனை விழுங்குவதாலேயே நோய் வருமென 1870ஐ ஒட்டி எழுதினார். ஆயினும் நாய், பூனைகளுக்கு ஊட்டிப் பார்த்தபோது புழு தோன்றவில்லை. ஸைக்ளாப்ஸ் வயிற்றின் புளிப்பில் மடிய, உள்ளிருந்த குஞ்சுகள் உயிரோடு வெளிப்படுவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லைப்பர் என்பவர் காட்டினார்.

அதன்பின் பரிகாரம் எளிதாயிற்று. நீரைத் துணியில் வடிகட்டினால் போதும். புண்பட்ட காலை நீரில் வையாதிருந்தால் போதும். நோயாளியின் கால் படாத குளத்து ஸைக்ளாப்ஸ் குற்றமற்றது, அதனை வெறுக்கவேண்டா. படிக்கிணறுகளில் இறங்கி நீரெடுத்த ஊர்கள் மிகுந்த நம் நாட்டில், 1983இல் இந்நோயை ஒழிக்கும் முயற்சி தொடங்கிற்று. கடைசி நோயாளி 1996இல் காணப்பட்டார். 2000இல் இந்தியா இந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது.

பெட்சென்கோ லைப்பரின் சோதனையையும் காணவில்லை. 1873 செப்டம்பரில், ஆல்ப்ஸ் மலையின் மோன்பிளாங்குப் பனிப்பாறையில் புயலில் அகப்பட்டு இறந்தார். வயது 29. மகன் போரிஸுக்கு ஓராண்டும் நிரம்பவில்லை. கணவர் விட்டுச்சென்ற ஆராய்ச்சிகளை அச்சேற்றும் பொறுப்பை ஓல்கா மேற்கொண்டார். போரிஸும் தாவர நூலாராயினார். 1901இல் தாயும் மகனும் பாமீர் மலைகளில் செடிகொடிகளைத் தேடிச் சென்றனர்.