கறுப்பின வரலாற்று மாதம் ஏன் பிப்ரவரியில்? கார்ட்டர் வுட்சன் யார்?

பிப்ரவரி வந்தாலே உங்கள் கைத்தொலைபேசியில் ஒரு மாற்றம் தெரியும். படம் பார்க்கும் தளங்களில் கறுப்பினக் கலைஞர்களின் படங்கள் முன்வரிசைக்கு வரும். காலணி நிறுவனங்கள் சிறப்பு வடிவமைப்புகளை இறக்கும். கூடவே சமூக ஊடகத்தில் ஒரு கிண்டலும் சுற்றும்: வருஷத்திலேயே குட்டி மாதமாகப் பார்த்துக் கொடுத்திருக்காங்க பாருங்க!

சிரிப்பு வரும்தான். ஆனால் அந்த மாதத்தை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தவரே ஒரு கறுப்பின வரலாற்றாசிரியர்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, 20 வயதில் உயர்நிலைப்பள்ளிக்குப் போனவர். அவர் பெயர் கார்ட்டர் காட்வின் வுட்சன்.

மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியாதவர்கள் குறைவு. வுட்சனைத் தெரிந்தவர்கள் குறைவு. அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பாகுபாட்டின் வரலாற்றைச் சொல்லித் தரலாமா கூடாதா என்று இப்போது நடக்கும் சண்டை புரிய வேண்டும் என்றால், இவரிடமிருந்து தொடங்குவது நல்லது.

சுரங்கத்தில் ஒரு வாசகர்

1875 டிசம்பர் 19ஆம் தேதி, வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கேன்டனில் வுட்சன் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போதுதான் 10 வருஷம் ஆகியிருந்தது. அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவு கொடுக்கக் கூட்டம் கூட்டுவதையே வர்ஜீனியா ஒரு காலத்தில் சட்டப்படி குற்றமாக்கி வைத்திருந்தது. வுட்சனின் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பெரிய குடும்பம், வயலில் வேலை. பள்ளிக்கூடம் வருஷத்தில் சில மாதங்கள் மட்டுமே நடக்கும். அங்கே பாடம் நடத்தியவர்கள் அவருடைய தாய்மாமன்கள் இருவர். மற்றபடி அவராகவே படித்துக்கொண்டதுதான்.

பிறகு வேலை தேடி மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனார். நட்டல்பர்க் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கம். என்னைக் கேட்டால், அவருடைய ஹார்வர்ட் பட்டத்தைவிட முக்கியமான படிப்பு இங்கேதான் நடந்தது.

அந்தச் சுரங்கத்தில் ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒரு தொழிலாளி இருந்தார். உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பின வீரர். படிக்கத் தெரியாது, ஆனால் வீட்டில் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். மாலையில் தொழிலாளர்கள் அவர் வீட்டில் கூடுவார்கள். தின்பதற்கு ஏதாவது கிடைக்கும், பேச்சும் நடக்கும். வுட்சனுக்கு வாசிக்கத் தெரியும் என்று தெரிந்ததும் ஜோன்ஸ் ஓர் ஏற்பாடு செய்தார். நாளிதழ்களை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குக் கூலியாக, சாப்பிடுவதற்குக் காசு தர வேண்டியதில்லை.

வாசித்தது மட்டுமல்ல, வுட்சன் கேட்கவும் செய்தார். அந்த மனிதர்கள் போர்க்களத்தில் பார்த்ததைச் சொன்னார்கள். வடக்குப் படையில் சுமார் 180,000 கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். அத்தனை பேர் சண்டை போட்ட ஒரு போரைப் பற்றிய பாடப்புத்தகத்தில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். எதிரே உட்கார்ந்து பேசுகிற ஆள், புத்தகத்தில் மட்டும் காணாமல் போகிறார். எப்படி?

இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

சேர்ந்து படிக்கத் தடை

1895இல், ஹண்டிங்டன் நகரின் டக்ளஸ் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். இரண்டு வருஷத்துக்குள் முடித்தார். சில ஆண்டுகளிலேயே அதே பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். இடையிடையே கென்டக்கியில் இருந்த பெரியா கல்லூரியில் படித்து 1903இல் பட்டம் வாங்கினார்.

பெரியா பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற வெள்ளையினப் பாதிரியார் 1855இல் தொடங்கிய கல்வி நிலையம் அது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின, வெள்ளையின மாணவர்கள் அங்கே ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். அமெரிக்கத் தெற்கில் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. வுட்சன் பட்டம் வாங்கிய மறுவருஷமே, 1904இல், இரு இனத்தவரும் சேர்ந்து படிக்கக்கூடாது என்று கென்டக்கி சட்டம் போட்டது. குறி பெரியாதான். கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை போய், 1908இல் தோற்றது.

அடுத்தவர் உரிமைக்குத் துணை நிற்பது என்றால் என்ன என்று பள்ளிகளில் இப்போது பேசுகிறார்கள் இல்லையா? பெரியா அதற்கு ஒரு சிக்கலான உதாரணம். வழக்குப் போட்டார்கள். தோற்ற பிறகு கறுப்பின மாணவர்களுக்காகப் பணம் திரட்டி வேறு ஒரு பள்ளியையும் கட்டினார்கள். ஆனால் பெரியா வகுப்பறையில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தது வெள்ளையின மாணவர்கள் மட்டும்தான். சட்டம் அப்படி இருந்தது, உண்மை. இழந்தது யார் என்பதும் உண்மை.

ஆப்பிளா, நாவலா?

1903இல் வுட்சன் நம் பக்கத்துக்கு வந்தார். அப்போது பிலிப்பீன்ஸ் அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. அங்கே பள்ளிகளில் ஆசிரியராகவும் மேற்பார்வையாளராகவும் 1907 வரை வேலை பார்த்தார்.

அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஆசிரியர்களில் பெரிய பல்கலைக்கழகங்களில் கல்வியியல் படித்தவர்கள் பலர். ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் இல்லாத பொருள்களை வைத்தே பாடம் நடந்தது. காப்புறுதித் துறையில் இருந்து வந்த ஒருவர் மட்டும் ஜெயித்தார். ஆசிரியர் பயிற்சி என்று அவருக்கு எதுவும் கிடையாது. ஆப்பிள் மரத்தை உலுக்கும் பாட்டு ஒன்று உண்டு. ஆப்பிள் மரத்தையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அதை ஏன் சொல்லித் தர வேண்டும் என்று நினைத்தார். மரத்தை மாற்றி, லொம்பாய் மரம் என்று பாட வைத்தார். லொம்பாய் வேறு எதுவும் இல்லை, நம் நாவல்தான்! ஜார்ஜ் வாஷிங்டனுக்கு முன்னால் ஹோசே ரிசாலின் கதையைச் சொன்னார். பிள்ளைகள் படிக்க ஆரம்பித்தார்கள்.

இதை வுட்சன் மறக்கவில்லை. 1933இல் வெளிவந்த, கறுப்பினத்தவருக்குக் கிடைக்கும் தவறான கல்வியைப் பற்றிய தன் புகழ்பெற்ற புத்தகத்தில் இதை எழுதினார். தன் மக்களுக்கும் அதுவே நடக்கிறது என்பது அவர் வாதம். பள்ளிக்கூடம் போகிறார்கள், பட்டமும் வாங்குகிறார்கள். ஆனால் தங்களைப் பற்றி ஒன்றுமே இல்லாத புத்தகங்களைப் படித்து, தாங்கள் ஒன்றுமே இல்லை என்று நம்பக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஹார்வர்டும் 400 டாலரும்

பிலிப்பீன்ஸிலிருந்து திரும்பிய பிறகு சிகாகோ பல்கலைக்கழகம், அடுத்து ஹார்வர்ட். 1912இல் வரலாற்றில் முனைவர் பட்டம். ஹார்வர்டில் அந்தப் பட்டத்தைப் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். முதல்வர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ். ஆனால் டு போய்ஸின் பெற்றோர் அடிமைகள் அல்லர், வுட்சனின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். ஆய்வேட்டை முடிக்கும்போது அவர் வாஷிங்டனில் முழுநேரப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹார்வர்டில் அவருக்குப் பாடம் நடத்திய ஒரு பேராசிரியர், கறுப்பினத்தவருக்கு வரலாறு என்று ஒன்று இல்லை என்ற எண்ணம் கொண்டிருந்தார். வுட்சனின் பதில் 1915இல் வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில், சிகாகோவில் ஒருசிலரைக் கூட்டி, கறுப்பினத்தவரின் வாழ்க்கையையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதே வருஷம்தான் கூ கிளக்ஸ் கிளான் கும்பலை வீரர்களாகக் காட்டிய ஒரு திரைப்படம் அமெரிக்கா முழுக்கச் சக்கைப்போடு போட்டது.

மறு வருஷம் ஜனவரியில் ஓர் ஆய்விதழ். அச்சடிக்கப் பணம்? தன் ஆயுள் காப்புறுதியை அடகு வைத்து 400 டாலர் கடன் வாங்கினார்.

1919 ஜூலையில் வாஷிங்டனில் இனக் கலவரம் வெடித்தது. ஓர் இரவு வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த வுட்சன், கும்பல் வருவதைக் கண்டு ஒரு கடையின் இருட்டில் ஒதுங்கினார். அவர் கண் முன்னால் அந்தக் கும்பல் ஒரு கறுப்பினத்தவரைப் பிடித்துத் தூக்கிச் சுட்டது. கையில் ஹார்வர்ட் பட்டம் இருந்தாலும், அந்த இரவில் அவர் தப்பித்தது இருட்டினால்தான். கும்பல் கொலைக்கான முதல் பாடம் வகுப்பறையில்தான் தொடங்குகிறது என்று பின்னாளில் அவர் எழுதியதை, இந்தச் சம்பவத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பிப்ரவரிக்கு வருவோம்

1926இல் வுட்சனின் சங்கம் முதன்முதலாக ஒரு வரலாற்று வாரத்தை அறிவித்தது. 'நீக்ரோ வரலாற்று வாரம்' என்பது அன்றைய பெயர். இன்று தவிர்க்கப்படும் அந்தச் சொல்தான் அன்று மரியாதையான சொல்.

பிப்ரவரி 12 ஆப்ரஹாம் லிங்கனின் பிறந்தநாள். 14ஆம் தேதியை, அடிமைத்தளையிலிருந்து தப்பித்து ஒழிப்புப் போராட்டத்தின் பெரிய பேச்சாளர் ஆன ஃபிரெட்ரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொண்டாடினார்கள். கறுப்பின மக்கள் இந்த இரண்டு நாள்களையும் ஏற்கெனவே கொண்டாடி வந்தார்கள். புதுசாக ஒரு தேதியைத் திணிப்பதைவிட, மக்கள் மனத்தில் இருக்கும் தேதியோடு ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனம் அல்லவா? குட்டி மாதமா நீள மாதமா என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

அறிவித்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகள், படங்கள், சுவரொட்டிகள், மேடையேற்ற நாடகங்கள் எல்லாம் அனுப்பினார். புத்தகங்களை அச்சடிக்க 1921இலேயே சொந்தப் பதிப்பகம் தொடங்கியிருந்தார். 1937இல் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தனி மாத இதழ். அதை யோசனையாகச் சொன்னவர் மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையார்.

இவற்றை வகுப்புக்குள் கொண்டுபோன ஆசிரியர்கள் பெரும்பாலும் பெண்கள். தெற்கு மாநிலங்களில் வெள்ளையின அதிகாரிகள் ஒப்புதல் தராததைச் சொல்லிக் கொடுத்தால் வேலை போய்விடும். 1930களில் லூசியானாவில் ஓர் ஆசிரியை என்ன செய்தார் தெரியுமா? மேசை மேல் அதிகாரபூர்வப் பாடத்திட்டம், மடியில் வுட்சனின் புத்தகம். மடியைப் பார்த்து வாசிப்பார். தலைமையாசிரியர் உள்ளே வந்தால் கண் மேசைக்கு ஏறிவிடும். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

எளிதான மனிதர் இல்லை

வுட்சனோடு வேலை பார்ப்பது சுலபம் இல்லை. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரே வருஷத்தில், அதன் தலைவரோடு மோதிவிட்டு வெளியேறினார். பின்னாளில் பெரிய கவிஞரான லாங்ஸ்டன் ஹியூஸ் 1925இல் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வேலை கண்ணைக் கெடுக்கிறது என்று விலகி, ஹோட்டலில் தட்டு எடுக்கும் வேலைக்குப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டு போய்ஸோடும் ஒத்துப்போகவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. வாஷிங்டனில் ஒன்பதாவது தெருவில் 1922இல் வாங்கிய வீட்டில் கீழே அலுவலகம், மேலே படுக்கை.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஆரம்பத்தில் கார்னகி, ராக்கஃபெல்லர் போன்ற பெரிய செல்வந்தர்களின் அறநிறுவனங்கள் நிதி தந்தன. பிறகு, சங்கத்தை ஏதாவதொரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சொன்னார்கள். வுட்சன் மறுத்தார். என்ன ஆராய வேண்டும் என்று இன்னொருவர் முடிவுசெய்வதை அவர் விரும்பவில்லை. 1930களில் அந்தப் பணம் நின்றது. அதற்குப் பிறகு சங்கத்தைக் காப்பாற்றியவர்கள் கறுப்பின ஆசிரியர்களும் தேவாலயங்களும் சாதாரணக் குடும்பங்களும்தான். பொருளியல் மந்தக் காலத்தில், அவர்கள் அனுப்பிய சிறு தொகைகளில்.

வாரம் மாதமானது

1950 ஏப்ரல் 3ஆம் தேதி, அதே வீட்டில், மாரடைப்பால் வுட்சன் காலமானார். வயது 74. ஆப்பிரிக்க மக்களைப் பற்றிய ஒரு பெரிய கலைக்களஞ்சியம் பாதியில் நின்றது.

வாரம் மாதமானது மாணவர்களால்தான். ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1970இல் கறுப்பின மாணவர்களும் கல்வியாளர்களும் முதன்முதலாக அதை நீட்டித்துக் கொண்டாடினார்கள். 1976இல் அதிபர் ஜெரல்ட் ஃபோர்ட் அதிகாரபூர்வமாக அங்கீகரித்தார். பிரிட்டன் 1987இலிருந்து அக்டோபரில் கொண்டாடுகிறது.

ஆனால் வுட்சன் ஆசைப்பட்டது மாதத்துக்கு அல்ல. வருஷம் முழுக்க, சாதாரண வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயே இது வந்துவிட வேண்டும், தனி வாரமே தேவைப்படக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம். அந்த இடத்துக்கு அமெரிக்கா இன்னும் வரவில்லை. 2023 ஜனவரியில், உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பாடத்தை ஃபுளோரிடா மாநிலக் கல்வித் துறை நிராகரித்தது. இனம் பற்றி வகுப்பில் எதைச் சொல்லலாம் என்பதை வேறு பல மாநிலங்களும் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியுள்ளன.

வுட்சன் தொடங்கிய சங்கம் இன்னும் இயங்குகிறது. ஒவ்வொரு பிப்ரவரிக்கும் கருப்பொருளை அறிவிப்பது அதுதான். ஆசிரியர்களுக்கான இதழும் பெயர் மாறி வந்துகொண்டிருக்கிறது. ஒன்பதாவது தெரு வீடு இப்போது தேசிய வரலாற்றுத் தலம், அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில்.