தோல்வியில் துவளாத தலைவர்: கலாநிதி ரீ. பீ. ஜாயா

நமது நாட்டின் சுதந்திரத்துக்கு உழைத்த முஸ்லிம் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று மர்ஹூம் ரீ. பீ. ஜாயா அவர்களுடையது. ஸாஹிராவின் அதிபர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவர் தேர்தல்களில் வென்றும் தோற்றும் வந்த அரசியல்வாதி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தத் தேர்தல் வரலாற்றில் நமது கல்முனைக் கரையோரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890 ஜனவரி 1 ஆம் திகதி கண்டி மாவட்டத்தின் கலகெதரவில் மலாய்க் குடும்பமொன்றில் பிறந்தார். கொழும்பு சென். தோமஸ் கல்லூரியில் பயின்று, பின்னர் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். ஆசிரியத் தொழிலை அவர் முஸ்லிம் பாடசாலை ஒன்றில் தொடங்கவில்லை. கண்டி தர்மராஜ, மொறட்டுவை வேல்ஸ் இளவரசர், கொழும்பு ஆனந்தா ஆகிய கல்லூரிகளில் சிங்கள மாணவர்களுக்குக் கற்பித்தார். பிற சமூகத்தவரோடு நெருங்கிப் பழகிய அந்த ஆண்டுகள் அவருடைய பிற்கால அரசியலுக்கு அடித்தளமாயின. 1921 இல் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். 27 ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, சிறிய பாடசாலையாக இருந்ததை நாடறிந்த கல்லூரியாக உயர்த்தினார். அளுத்கம, கம்பளை, மாத்தளை, புத்தளம் ஆகிய ஊர்களிலும் ஸாஹிராவின் கிளைகள் தோன்றின. கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவரே பின்னாளில் கல்வி அமைச்சரான பதியுத்தீன் மஹ்மூத். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஜாயா அவர்களின் அரசியல் 1924 இல் தொடங்கியது. அன்றைய சட்டநிரூபண சபைக்கு முஸ்லிம்கள் தனி வாக்காளர் தொகுதியாக நின்று மூன்று பேரைத் தெரிவு செய்தனர். எச். எம். மாக்கான் மாக்கார், என். எச். எம். அப்துல் காதர் ஆகியோருடன் ஜாயா அவர்களும் வென்றார். சொத்தும் படிப்பும் உள்ள ஆண்களுக்கே அப்போது வாக்குரிமை இருந்தது.

டொனமூர் அரசியலமைப்பு 1931 இல் இதை முற்றாக மாற்றியது. 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. நம் பாட்டிமாரின் தலைமுறை வாக்குச்சாவடிக்குச் சென்றது அப்போதுதான். அதேவேளை இனவாரித் தனித் தொகுதிகள் ஒழிக்கப்பட்டன. எல்லா ஊர்களிலும் சிதறி வாழும் ஒரு சிறுபான்மைக்கு இது பெரும் சோதனையாயிற்று. கொழும்பு மத்திய தொகுதியில் நின்ற ஜாயா அவர்கள் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவிடம் தோற்றார். நாடு முழுவதிலும் ஐம்பது இடங்களுக்கு நடந்த அத்தேர்தலில் வென்ற ஒரே முஸ்லிம் மாக்கான் மாக்கார் அவர்கள்தான். கொழும்பில் இரத்தினக்கல் வணிகம் செய்த அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது மட்டக்களப்புத் தெற்குத் தொகுதி, அதாவது நமது பகுதி மக்கள். அவர் அமைச்சராகவும் ஆனார். 1936 தேர்தலில் அந்த ஓர் இடமும் கைநழுவியது. பிறகு ஆளுநரின் நியமனத்தின் மூலமே ஜாயா அவர்களும் ராசிக் பரீத் அவர்களும் சபைக்குள் சென்றனர்.

இதை மனதில் வைத்தே 1945 ஐப் பார்க்க வேண்டும். பிரித்தானியரிடமிருந்து முழுச் சுதந்திரம் கோரும் மசோதா அவ்வாண்டு மார்ச்சில் அரசாங்க சபையில் விவாதிக்கப்பட்டது. சிறுபான்மையோருக்கு உரிய இடங்கள் உறுதிப்பட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் ஜாயா. தனித் தொகுதி போனதால் தோல்வியைச் சொந்தமாக அனுபவித்தவர். முதலில் உத்தரவாதம், பிறகு சுதந்திரம் என்று அவர் கேட்டிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் எந்த நிபந்தனையும் விதிக்காமல் மசோதாவை ஆதரித்துப் பேசினார். நாட்டின் விடுதலைக்குத் தம் சமூகம் தடையாக நின்றது என்ற பழி வரக்கூடாது என்பதே அவருடைய நிலைப்பாடு.

1946 இல் டீ. எஸ். சேனநாயக்க தலைமையில் ஐக்கிய தேசியக் கட்சி உருவானபோது ஜாயா அவர்களும் அதில் இணைந்தார். படிப்படியான மாற்றத்தையும் மரபையும் விரும்பிய கட்சி அது. இடதுசாரிகள் அதை எதிர்த்து நின்றனர். 1947 பொதுத் தேர்தலில் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட கொழும்பு மத்திய தொகுதியில் மீண்டும் நின்றார். முன்பு அவரைத் தோற்கடித்த குணசிங்கவும், கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமனும், ஜாயா அவர்களும் தெரிவாயினர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் தம்மை ஒதுக்கிய அதே கொழும்பு, பல இன மக்களின் வாக்குகளால் இம்முறை அவரை அனுப்பியது. அதே தேர்தலில் கல்முனை தனித் தொகுதியாகி, கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் அவர்களை ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் அனுப்பியது.

சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் ஜாயா அவர்கள் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். 1948 இல் ஸாஹிராவின் பொறுப்பை ஏ. எம். ஏ. அஸீஸ் ஏற்றார். 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக வந்து, இங்கு கல்விப் பணிக்கு வித்திட்டவர் அவர்.

ஜாயா அவர்கள் வைத்த நம்பிக்கை முழுதாக நிறைவேறியதா? மலையகத் தமிழர் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் 1948 இல், அவர் இருந்த அமைச்சரவையின் காலத்திலேயே வந்தது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. இவற்றை மறைத்து அவரைப் புகழ்வது நியாயமாகாது. நம்பிக்கை வைப்பது ஒருவர் பங்கு. அதைக் காப்பாற்றுவது மற்றவர் பங்கு. தம் பங்கை அவர் குறைவின்றிச் செய்தார். நாட்டின் விடுதலைக்கு முஸ்லிம்கள் துணை நின்றார்கள் என்று நாம் இன்று தலைநிமிர்ந்து சொல்ல முடிவது அதனால்தான்.

1950 இல் பாகிஸ்தானுக்கான உயர்ஸ்தானிகராகச் சென்றார். 1960 இல் ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டவர், மே 31 ஆம் திகதி மதீனாவில் வபாத்தாகி, ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அன்பு மாணவியரே, உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் முதன்முறையாக வாக்களிப்பீர்கள். சிலர் வேட்பாளராகவும் நிற்கக்கூடும். தோற்ற தொகுதிக்கே திரும்பிச் சென்று, தம் இனம் அல்லாதாரின் வாக்கையும் பெற்று வென்ற இந்த ஆசிரியரை அப்போது நினைத்துப் பாருங்கள். அவருடைய நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.