கமலா ஸோஹோனி அம்மையார்

விஞ்ஞானி கமலா ஸோஹோனி அம்மையார் 1911-ம் வருஷத்தில் இந்தூரில் பிறந்தார். தருமபுரி ஜில்லாவிலுள்ள நம் இண்டூர் அன்று. ஹோல்கார் மன்னர்களின் தலைநகராயிருந்த வடநாட்டு இந்தூர். ஆனால் அவர் நியாயத்துக்காகப் போராடிய இடம் நம் ஜில்லாவுக்கு வெகு தூரத்திலில்லை. அது பெங்களூரில் டாட்டாவின் கொடையால் எழுந்த விஞ்ஞானக் கழகம்.

தந்தையும் தந்தையின் சகோதரரும் அங்கே ரஸாயனம் பயின்றவர்கள். கமலாவும் 1933-ல் பம்பாய் சர்வகலாசாலையின் பி.எஸ்ஸி. பரீக்ஷையில் முதன்மையாகத் தேறி, அக்கழகத்துக்கு மனுச் செய்தார். மனு நிராகரிக்கப்பட்டது. பெண்ணாகப் பிறந்ததைத் தவிர வேறு குறை அவரிடம் இருக்கவில்லை. நிராகரித்தவர் வெள்ளைக்கார அதிகாரியாயிருந்தால் தேசபக்தர்கள் கொதித்தெழுந்திருப்போம். நிராகரித்தவரோ, நோபல் பரிசு பெற்றுத் தேசத்தின் புகழை உயர்த்திய ஸர் ஸி. வி. ராமன், கழகத்தின் முதல் இந்திய டைரெக்டர். அம்மேதையிடம் நமக்குள்ள பக்தி, அவர் செய்தது அநீதி என்று சொல்வதற்குத் தடையாகாது.

அந்த இளம் பெண் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. காந்தியடிகள் காட்டிய வழியைப் பற்றி, டைரெக்டரின் அறை வாசலிலேயே சத்யாக்கிரகம் செய்தார். முடிவில் அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளுடன். முதல் ஒரு வருஷம் பரீக்ஷார்த்தமாகவே சேர்த்துக் கொள்ளப்படுவார். வேலை திருப்தியளித்தால்தான் அங்கீகாரம். அவர் வருகையால் ஆண் மாணாக்கர்களின் கவனம் சிதறவும் கூடாது. புருஷர்களின் மனம் சஞ்சலமடைந்தால் அதற்கும் ஸ்திரீயே பொறுப்பாம்! சீனிவாஸய்யா என்ற ஆசிரியரின் கீழ், பாலிலும் பருப்பு வகைகளிலுமுள்ள புரதங்களை அவர் இராப்பகலாக ஆராய்ந்தார். வருஷம் முடிந்தபோது ராமனே திருப்தியடைந்தார். பிற பெண்களுக்கும் கழகத்தின் கதவு திறந்தது.

1936-ல் எம்.எஸ்ஸி. பட்டம். பின்னர் கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸின் ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்து, உருளைக்கிழங்கின் திசுவை ஆராய்ந்து, தாவரங்களின் சுவாசத்திலும் ஸைட்டோகுரோம்-ஸி என்ற பொருளுக்குப் பங்குண்டு என்று காட்டினார். 1939-ல் டாக்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். டில்லியில் ஆசிரியை, நம் குன்னூர் போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தில் உதவி டைரெக்டர், 1947-ல் விவாகமான பின் பம்பாய் விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியை. ஜனாதிபதி ராஜேந்திர பிரசாதின் யோசனைப்படி, நீரா என்னும் புளிக்காத பனஞ்சாற்றை ஆராய்ந்து, ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது நல்ல உணவாகும் என்று நிரூபித்தார். அதற்காக ஜனாதிபதி விருது கிடைத்தது. அக்கல்லூரியின் டைரெக்டர் பதவியோ, தகுதியிருந்தும், வெகு தாமதித்தே அவரிடம் வந்து சேர்ந்தது.

1997-ல் பம்பாயில் பெண் விஞ்ஞானிகள் கூடி அவரைக் கௌரவித்தனர். பெங்களூரில் பட்ட அவமானம் ஆறாத புண்ணாகவே இருந்ததென்பதை அம்மையார் அன்று மறைக்கவில்லை. மறு வருஷம் காலமானார்.